உரித்தெடுத்த சீட்டு

கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அப்படி இல்லை. நான் கேட்காமலே கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். அதனால் உங்களிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

பழைய ராணுவ விமானங்களை வைத்திருக்கும் காட்சியகத்தில் ஆவண அறை என் பொறுப்பு. வருகிறவர்கள் இறக்கையைப் பார்க்கிறார்கள், படியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விமானத்தை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கையேடு ஒன்று இருக்குமே என்ற நினைப்பு யாருக்கும் வருவதில்லை. வராதவரை நல்லது. வந்தால் தொடுவார்கள்.

கையேடுகள் என்னிடம் வந்து சேரும் கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓட்டியவர்கள் அவற்றை மடியில் வைத்துக்கொண்டே தின்றிருக்கிறார்கள், தும்மியிருக்கிறார்கள், காது குடைந்த விரலைப் பக்க ஓரத்தில் துடைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட மோசம் திருத்தச் சீட்டு. அச்சான பிறகு ஒரு வரி தவறு என்று தெரிந்தால், சரியான வரியைத் துண்டுக் காகிதத்தில் அடித்துத் தளங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே யாராவது அதைப் பழைய வரியின் மேல் மாவுப் பசையால் ஒட்டிவிடுவார்கள். பூச்சிகளுக்கு அது விருந்து. சீட்டின் அடியில் கரப்பான் எச்சமும் காய்ந்த முட்டைக் கூடும் யாருடையதோ ஒரு முடியும் இருக்கும். நீராவி காட்டி உரிக்கும்போது நாள்பட்ட எச்சில் வாடை ஒன்று கிளம்பும். ஆனால் அடியில் பழைய அச்சு புத்தம் புதிதாக இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வரும். உரித்த சீட்டுகளைத் தனியாக ஒரு உறையில் வைப்பதும், கையேட்டைக் கேட்பவருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் என் வழக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் ஒரு இரட்டை எஞ்சின் விமானம் இருந்தது. முதலில் ஆட்களையும் சரக்கையும் சுமந்து, வயதான பிறகு விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்பட்டது. காட்சியகத்தின் ஆண்டு விழாவில் அதை மறுபடி பறக்கவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. ஓட்ட வந்தவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி, ஓய்வு பெற்ற விமானி. எத்தனையோ விமானம் ஓட்டியவன்தான், ஆனால் இந்த ரகத்தில் ஏறியதில்லை. கையேட்டைப் படித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த ரகத்துக்கு மிஞ்சியிருந்த ஒரே கையேடு என் அறையில் இருந்தது.

எங்கள் வீட்டில்தான் தங்கினான். தம்பி வந்ததில் என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அவன் குளித்துவிட்டு என் துண்டால் துவட்டிக்கொண்டான். கூடத்தில் உட்கார்ந்து கால் நகத்தை வெட்டி டீ டம்ளருக்குள் போட்டான். விடிந்ததும் தொண்டையைக் காறுகிற சத்தம் பக்கத்து வீடுவரை கேட்கும், வாஷ்பேசினில் அதன் மிச்சம் வழுவழுவென்று நிற்கும். நான் வெந்நீர் ஊற்றிக் கழுவுவேன். "அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், விடுங்க" என்று அவள் சிரிப்பாள். நானும் விட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் ஆவண அறைக்கு வந்தான். கையுறை கொடுத்தேன். கையுறை போட்டால் தனக்குப் படிப்பே ஓடாது என்றான். பிறகு கட்டைவிரலை வாயில் வைத்தான். நுனியை மட்டும் அல்ல, முழு விரலையும் உள்ளே விட்டு, சப்பி எடுத்து, அதைக் கொண்டே பக்கத்தைத் திருப்பினான். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஈரமாக ஒரு வட்டம் விழுந்தது. எஞ்சினைக் கிளப்புவது, ஓடுபாதைக்குப் போவது, மேலே எழும்புவது என்று அத்தியாயம் அத்தியாயமாக எச்சில் வைத்துக்கொண்டே போனான். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். என் உடம்பிலேயே யாரோ நக்கித் துப்புவது போல இருந்தது. ஆபத்துக் காலத்தில் செய்ய வேண்டியவை என்ற அத்தியாயத்தைத் திறக்கப் போனபோது கையேட்டை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மீதியைப் பிரதி எடுத்துத் தருகிறேன், நீ வீட்டில் படுத்துக்கொண்டே படிக்கலாம் என்றேன். அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. உரித்தேன். அடியில் இருந்த பழைய வரி, இரண்டு எரிபொருள் டேங்குகளையும் சேர்க்கும் இணைப்பு வால்வைத் திற என்றது. சீட்டில் இருந்த வரி, எந்தக் காரணம் கொண்டும் திறக்காதே, நின்ற பக்கத்துக் காற்று குழாய்க்குள் புகுந்து நல்ல எஞ்சினையும் நிறுத்திவிடும் என்றது. இரண்டையும் படித்தேன். படிக்காமல் பிரதி எடுக்கும் ஆள் நான் இல்லை. சீட்டை உறையில் வைத்தேன், பக்கத்தைப் பிரதி எடுத்தேன். இதுவரை நான் செய்தது என் வேலை மட்டும்தான்.

அந்த வாரத்தில் மெக்கானிக் என்னோடு டீ குடிக்க வந்தார். நல்ல மனிதர், என் அறைக்குள் நுழையும் முன் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவார்.

"இடது பக்க எஞ்சின் சூடானதும் திணறுது சார். பம்புல எங்கயோ காத்து இழுக்குது, எனக்குப் பிடிபட மாட்டேங்குது. நடுவுல நின்னா என்ன செய்யணும்னு புக்குல இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

"அப்பச் சரி. தம்பிகூட நானும் ஏறிக்கிறேன்."

அவர் ஏறியிருக்க வேண்டாம். அதில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

பிரதியைக் கண்ணாடித் தாளில் உறையிட்டு, நேர்த்தியாகக் கட்டி மைத்துனனிடம் கொடுத்தேன். அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இதுக்கப்புறம் திருத்தம் ஏதாவது வந்திருக்கா மாமா? பழைய புக்குல ஒட்டியிருப்பாங்களே."

நான் பதில் சொல்வதற்குள் அவன் விரல் வாய்க்குப் போய்விட்டது. கண்ணாடித் தாளைத் திருப்ப எச்சில் எதற்கு, சொல்லுங்கள்.

"எல்லாம் இதுலயே இருக்கு மாப்ள" என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். புத்தக விஷயத்தில் உங்களை விட்டால் எனக்கு யார் மாமா என்றான். அவன் கழுத்து வியர்வை என் கன்னத்தில் ஒட்டியது. போய்க் குளித்தேன்.

எஞ்சினில் நான் கை வைக்கவில்லை. அது நின்றால்தானே அந்தப் பக்கம் வேண்டியிருக்கும்? நிற்காமலே போயிருக்கலாம். நான் எதையும் நடத்தவில்லை, நடப்பதை நடக்கவிட்டேன், அவ்வளவுதான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் என் மனைவியின் பேச்சை எடுத்தீர்கள்.

ஆமாம், தம்பியோடு அவளும் பறப்பதாகத்தான் இருந்தது. புது உடை தைத்து வைத்திருந்தாள். விழா அன்று காலையில் நான்தான் தடுத்தேன். இருக்கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, உடை பாழாகிவிடும், என் பக்கத்தில் நின்று பார் என்றேன். கண் கலங்கினாள், பிறகு சமாதானமாகிவிட்டாள். இருக்கையில் பிசுக்கு இருந்தது உண்மை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

விமானம் எழும்பி மரங்களைத் தாண்டியதும் இடது எஞ்சின் நின்றது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒத்த எஞ்சினை வெச்சு இறக்கிடுவான்ல?"

"புக்கு அவன் கையில இருக்கு" என்றேன்.

விமானம் கொஞ்ச தூரம் மட்டமாகவே போனது. அப்படியே திரும்பியிருந்தால் பத்திரமாக இறங்கியிருக்கும். பிறகு வலது எஞ்சின் சத்தமும் நின்றது. மரங்களுக்குப் பின்னால் புகை எழுந்தபோது அவள் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். கண்ணீர், மூக்குச்சளி, எல்லாம். அவளை யாரோ ஒரு பெண்ணிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டேன்.

சீட்டு என் மேசையின் கீழ் அறையில் உறையில் இருக்கிறது. எடுக்கும்போது இடுக்கியைப் பயன்படுத்துங்கள், கையால் தொடக்கூடிய பொருள் இல்லை அது.

கொன்றது நீங்கள்தானா என்று நேராகவே கேட்டீர்கள். நான்தான், இரண்டு பேரையும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். விழாப் படத்துக்காக விமானியறையில் வைத்திருந்த கருவியில் பதிவானதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள் அல்லவா? மெக்கானிக் ஏதோ கத்துகிறார். இவன் பதறாமல் வாசிக்கிறான்: இணைப்பு வால்வைத் திற. ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் ஒருவன் அப்படி வாசிக்கிறான் என்றால் அந்தப் பிரதி எவ்வளவு தெளிவாக இருந்திருக்க வேண்டும். அவனுக்காக வேறு யாரும் அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.