அழுகைக்கு முதல் பரிசு

ஐயோ சார், கொட்டகைப் பக்கம் போகாதீங்க, அங்கயே நில்லுங்க. அந்த டப்புல மருந்துத் தண்ணி இருக்கு பாருங்க, ஷூவோட ரெண்டு காலையும் முக்கிட்டு வந்து இந்த நாற்காலில உக்காருங்க. சிரிக்கறத அப்புறம் வச்சுக்கலாம். மாட்டாஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்திருக்காருன்னாங்க, நீங்கதானா?

பறவைக் காய்ச்சல் ஒத்திகைக்குக் கூப்பிட வந்தீங்களாக்கும். அதானே பாத்தேன். கோழி செத்துப்போய் அழற பொம்பளை வேஷம் வருஷா வருஷம் எனக்குத்தான். வேற யாரு இருக்கா? போன தடவை அழுகைக்கு முதல் பரிசே குடுத்தாங்க. நீங்க உக்காந்திருக்கற நாற்காலிதான் சார் அது.

செத்த கோழியா நடிச்சது யாருன்னு நெனைக்கறீங்க? என் தலையணை. உங்களுக்கு முன்னாடி இருந்த டாக்டர் அதைத் தூக்கிப் பாத்து, மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, நோய் உறுதிதாம்மான்னாரு. நான் மண்ணுல பொரண்டு அழுதேன் பாருங்க, எங்க வீட்டுக்காரர் நிஜம்னு நெனச்சு என்னடி ஆச்சுன்னு ஓடி வந்துட்டாரு. கல்யாணம் ஆனதுல இருந்து நான் அழுது அந்த மனுஷன் ஓடி வந்தது அன்னிக்கு மட்டும்தான்.

அப்புறம் வெள்ளை அங்கி மாட்டிக்கிட்டு ஒருத்தர் மருந்தடிக்க வந்தாரு. வெந்து போய் மயங்கி விழுந்துட்டாரு. கழட்டலாம்னா ஜிப்பு மாட்டிக்கிச்சு. எல்லாரும் அவருக்கு விசிறிக்கிட்டிருக்க, என் தலையணைய ஒரு நாய் கவ்விக்கிட்டு வீடு வீடா சுத்துது. நோய் எப்படிப் பரவும்னு அது ஒண்ணுதான் சார் ஒழுங்கா நடிச்சுக் காட்டுச்சு. கடைசில எல்லாருக்கும் சாப்பாடு. என்ன சாப்பாடா? அதையும் கேக்கறீங்களே, கோழிக்கறிதான்.

டீ இன்னிக்குத் தரமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. மாஸ்க்கா? ஓ, இப்பவே வேஷம் கட்டிட்டேன்னு நெனச்சீங்களா? நல்ல ஆளு சார் நீங்க.

காலைல உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். மேனேஜரம்மா போயிட்டா, கொண்டையெல்லாம் நீலம் பாரிச்சு, கழுத்து முறுக்கிக்கிட்டுக் கெடக்கான்னு சொன்னேன். யாருன்னு முழிக்காதீங்க, எங்க மூத்த கோழிதான். கொட்டகைய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் இரையிலயே வாய் வைப்பா, அவ்வளவு அதிகாரம். போன் எடுத்த அம்மா என்னா சொன்னாங்க தெரியுமா? அக்கா, போன வருஷத்தவிட இன்னும் உருக்கமா இருக்கு, ஒத்திகையன்னிக்கும் இதே மாதிரி பண்ணிடுங்கன்னாங்க. மறுபடி போட்டேன். ஸ்பீக்கர்ல வச்சுட்டாங்க போல, மொத்த ஆபீசும் கை தட்டுது.

அதான் சார் உங்களப் பாத்ததும் அழல. எடுத்த எடுப்புல விஷயத்தச் சொல்லியிருந்தா நீங்களும் பிரமாதம்மான்னு சொல்லிட்டு வண்டிய எடுத்திருப்பீங்க. நான் நடிச்ச கதையெல்லாம் மொதல்ல சொல்லி முடிச்சாத்தானே இது நடிப்பு இல்லன்னு உங்களுக்கு விளங்கும்.

ஆங், இப்ப சிரிப்பு நின்னுச்சு பாருங்க.

அவளோட சேந்து இன்னும் கொஞ்சம் போயிடுச்சு. மிச்சத்தையும் நீங்க விட்டு வைக்க மாட்டீங்க, தெரியும். மிச்சக் கோழியையும் கொன்னு பொதைக்கணும்மான்னு ஒத்திகைல வருஷா வருஷம் சொல்ற வசனத்தக் கேட்டுத்தானே அழறேன். அப்பல்லாம் ஒண்ணும் தெரியல, இப்ப வயிறு எரியுது. ஆனா இந்தத் தெருவுல கோழி இல்லாத வீடு இல்ல சார். எங்க வீட்டுக்காரர் உள்ள உக்காந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு அடைச்சு வைங்கன்னு கத்திக்கிட்டிருக்காரு. அவரையும் யாரும் நம்பல.

வண்டில அங்கி இருக்கா? மாட்டிக்கங்க. ஜிப்ப மட்டும் ஒரு தடவை ஏத்தி எறக்கிப் பாத்துக்கங்க. நான் கொட்டகையத் திறந்து விடறேன்.

ஒண்ணே ஒண்ணு சார். அங்க நான் அழுதா, தயவுசெஞ்சு கை தட்டிடாதீங்க.