வெடிச்சும் விழாத கண்ணாடி

— நல்ல கண்ணாடிக்கு உலக்கையாலை ஒரு இடி போட்டாச்சு. இப்ப மனம் ஆறிச்சுதோ, கனகரத்தினம் ஐயா?

— வெடிச்சது தெரியுது, சந்தியோகு. விழுந்ததோ எண்டு சொல்லு.

— விழேல்லை. அதைத்தானே காலமையிலை இருந்து சொல்லுறன். ரெண்டு கண்ணாடி, நடுவிலை ஒரு பிளாஸ்ரிக் தாள். வெடிச்சாலும் அது துண்டுகளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். இருவது வருசம் சன்னலுக்குக் கண்ணாடி பூட்டுறவன்ரை சொல்லுக் காணாது, உங்களுக்கு உலக்கை வந்து சாட்சி சொல்ல வேணும்.

— படிப்பிச்சவன் செய்து பாத்துத்தான் நம்புவான்.

— அப்ப குண்டு போடுற பொம்மரையும் ஒருக்கால் வரச்சொல்லிப் பாப்பமே.

— அதுக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை, கிழமைக்கு நாலு தரம் தானாய் வருகுது. மற்றக் கண்ணாடியைக் கவனமாய்ச் சாத்தி வை. பெற்றோல் இல்லாமல் மூண்டு வருசம் படுத்துக்கிடந்த என்ரை மொறிஸ் மைனர் கார் முன்பக்கத்தாலை தந்த சீதனம் இந்த ரெண்டு கண்ணாடியும்தான்.

— ஐயா, கோவிக்காதேங்கோ. வெடிச்சதை வேலிக்கு அங்காலை சிவக்கொழுந்து அம்மாவுக்குக் குடுப்பமே? பேரப்பிள்ளை பிறந்து பன்ரண்டு நாள். ஓடு விழாத அறை ஒண்டுதான் மிச்சம். தொட்டில் சன்னலுக்குக் கீழை. சாதாரணக் கண்ணாடி, மேலை பேப்பர் ஒட்டியிருக்கினம். கிட்டடியிலை குண்டு ஒண்டு விழுந்தால் அவ்வளவும் பிள்ளைக்கு மேலைதான்.

— எட்டு வருசம் என்னை வேலி வழக்குக்கு இழுத்தவவுக்கோ? கோட்டுக் கட்டிடம் இடிஞ்சு போச்சு, நீதவான் கப்பல் ஏறிப் போயிட்டார், வழக்கு மட்டும் நல்ல சுகமாய் இருக்குது.

— பிள்ளையும் எதிராளி எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு, ஐயா.

— நக்கல் கதை வேண்டாம். வெடிச்சதை அந்த வீட்டுக்குக் குடுக்கமாட்டன்.

— சரி. நான் கேட்டது பிழை.

— ஒரு இடி வாங்கினது இனி எத்தினை தாங்கும்?

— அது ஆருக்குத் தெரியும்?

— தெரியாதெல்லோ. அப்ப அதை என்ரை அறைக்குப் பூட்டு. முழுசை அங்கை கொண்டுபோய்ப் பூட்டிப்போட்டு வா. உங்கடை மாதா கோயில் சுவாமியார் தந்தவர் எண்டு சொல்லு.

— சுவாமியாரின்ரை பேரிலை பொய்யோ? நீங்கள் தந்ததெண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?

— வாங்கமாட்டாள். ஒரு வயித்திலை பிறந்தனாங்கள், அவளின்ரை ரோசம் எனக்குத் தெரியும்.