திறக்காத குளிசை

— உங்கட மனுசன் இராமையா ஐயா மருந்துக் குளிசை விழுங்கிறதை நீங்கள் கண்ணால பாத்தனீங்களோ, அக்கா?

— மொதல்ல உக்காருங்க தாட்சாயினி மிஸ். க்ளினிக்ல இருந்து தெரணியகலைக்கு பஸ்ல ஆடி ஆடி வந்திருக்கீங்க. பால் ஊத்தாத பிளேன்டி ஒரு வாயாவது குடிங்க.

— பிறகு குடிக்கிறன். ஐயா கடையில நிக்கிறார், அவர் உள்ள வர முதல் கேக்கோணும். பரிசோதனையில அவருக்குள்ள எங்கட மருந்தின்ர அடையாளமே இல்லை. போன வருசம் குடலில வெட்டி எடுத்த கட்டியள் திரும்பவும் முளைக்குது. இப்பிடியே விட்டால் உங்களுக்கு வந்த அதே புற்றுநோய்தான்.

— அவரு விழுங்கலங்க மிஸ்.

— எறியிறாரோ?

— அவரா? கிழிஞ்ச பேப்பர் பையக்கூட எறிய மாட்டாரு. எனக்குக் குடுக்கிறாரு.

— உங்களுக்கோ!

— மிஸ் ஒனக்குன்னுதான் அனுப்புனாங்கன்னு பொய் சொன்னாரு. மஞ்சள்ல இருந்து எடுத்த மருந்து, நேரா குடலுக்கே போய் வேல செய்யும், சாப்புடு ராஜகுமாரின்னாரு. நானும் நம்புனேன்.

— அக்கா, அது உங்களுக்கு... எப்பிடிச் சொல்றது. அந்தக் குளிசைக்கு மேல ஒரு பூச்சு இருக்கு. பழத்தோலில இருந்து எடுத்தது. இரைப்பையில கரையாது, சிறுகுடலிலயும் கரையாது. பெருங்குடலில இருக்கிற கிருமியள் அந்தப் பூச்சைத் திண்டால்தான் குளிசை திறக்கும். மஞ்சளைச் சும்மா கரைச்சுக் குடிச்சால் அவ்வளவு தூரம் போய்ச் சேராது. அதுக்காகத்தான் இவ்வளவு பாடு.

— எனக்குத்தான் பெருங்குடலே இல்லியே. கொழும்புல அறுத்து எடுத்துட்டு வயித்துல பைய மாட்டிவிட்டாங்க.

— அதைத்தான் சொல்ல வந்தனான்.

— தெரியுங்க. போன மாதிரியே பையில வந்து விழும். நெறங்கூட மாறாது. மொத தடவ பார்த்தப்ப சிரிப்பு வந்திருச்சு. அப்புறம் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

— தெரிஞ்சுகொண்டோ விழுங்கினனீங்கள்? அவருக்கு ஏன் சொல்லேல்லை? கோவத்தில கேக்கேல்லை அக்கா.

— நீங்களும் யாழ்ப்பாணத்த விட்டுட்டு தனியா ரூம்ல இருக்கிறவங்கதானே. ஒங்களுக்கு வெளங்கும். இந்தப் பை வந்ததுல இருந்து அவரு கடையிலதான் படுக்கிறாரு. வாடையா இருக்கும். குத்தம் சொல்லல. பைய மாத்துறத அவரு பாக்கக் கூடாதுன்னு நானும் எப்பவும் கதவச் சாத்திக்குவேன். மக வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போயிட்டா. பகல் பூரா அவரு கடையில சிங்களத்துல பேசிச் சிரிக்கிற சத்தம் செவுத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும். அவ்வளவுதான்.

— ம்.

— அந்தியில கடையச் சாத்திட்டு ஒரே ஒரு தடவ உள்ள வருவாரு. மாத்திரைய என் உள்ளங்கையில வெச்சு, வெரல ஒவ்வொண்ணா மடக்கிவிடுவாரு. தண்ணிய நீட்டுவாரு. நா குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிப்பாரு. வேண்டாம்னு சொன்னா அதுவும் போயிரும் மிஸ்.

— ஆனா அக்கா, அது திறக்கிற இடம் அவருக்குள்ளதான் இருக்கு.

— சரி. கூப்புடுங்க அவர. நானே சொல்றேன்.

— இராமையா ஐயா! ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ.

— வந்தேன், வந்தேன். என்னா மிஸ், பிளேன்டி குடுத்தாளா இல்லியா? ராஜகுமாரி, ஏன் மொகம் ஒரு மாதிரி இருக்கு?

— அந்த மாத்திரப் போத்தல எடுங்க. ஒண்ணு என் கையில தாங்க.

— இன்னும் பொழுது சாயலியே.

— தாங்கன்னா தாங்க. இப்ப ஒங்க கைய நீட்டுங்க. வெரல மடக்குங்க. இத நீங்க விழுங்குங்க. எனக்குள்ள இது ஒரு நாளும் தொறக்கல. எல்லாம் முழுசா பையில வந்திருச்சு.

— தெரியும்.

— என்னா தெரியும்?

— பை கழுவுற எடத்துல ஒண்ணு கெடந்துச்சு. சித்திரைக்கு முந்தியே பாத்துட்டேன்.

— அப்புறமும் தெனம் கொண்டாந்து குடுத்தீங்களா? ஒங்க ஒடம்பக் கெடுத்துக்கிட்டு?

— கதவ சாத்திக்கிட்டது நீதான். வேற என்னத்தச் சொல்லிக்கிட்டு நா உள்ள வர்றது?