எல்பியோவின் மேளம் சூடாக இருந்தபோது

2024 டிசம்பர் 7, சனிக்கிழமை, மாலை 5.40 மணி. பலேர்மோ பூங்காவை ஒட்டிய தெருவில், நெருப்பைச் சுற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்த மேளங்கள் இருபத்தொன்று. அப்போது நடந்ததைப் பற்றி, திங்கட்கிழமையான இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வது:

என் பெயர் மௌரோ பிந்தோஸ். வயது 24. உருகுவே நாட்டு மொந்தெவிதேயோ நகரம் பலேர்மோ பகுதியில் அம்மாவுடன் வசித்து வருகிறேன். வீடுகளுக்கு கேஸ் இணைப்புப் பொருத்தும் வேலை செய்கிறேன், உரிமம் உண்டு. சம்பவத்தன்று இதே நிலையத்தில் "நான் எதையும் பார்க்கவில்லை" என்று சொல்லியிருந்தேன். அது பொய்.

அன்று அந்தத் தெருவில் நடந்தது, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பிடித்து வரப்பட்டவர்களின் வழிவந்த மக்கள் எல்லோரும் சேர்ந்து ஆடிப் பாடும் கட்டணமில்லாத விழா. கியூபாக்காரர்களும் பிரேசில்காரர்களும் மேடையில் ஆடி முடித்ததும், ஆறு மணிக்கு எங்கள் பேட்டை அணி மேளம் அடித்தபடி தெருவில் நடந்து வர வேண்டும். எங்கள் மேளங்களின் தோல் ஆணியடித்து இறுக்கியது என்பதால் நெருப்பில் காய்ச்சினால்தான் குரல் எழும். நான் கேஸ் வேலை தெரிந்தவன் என்று அணித் தலைவி நில்டா அந்த நெருப்பை என் பொறுப்பில் விட்டார்.

அன்று காலை நானே எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, எரிகிற நெருப்பில் எந்தத் திரவமும் ஊற்றக்கூடாது என்றும், ஊற்றியவர் மூன்று ஆண்டுகள் மேளத்தோடு தெருவில் நடக்க முடியாது என்பது நகராட்சி விதி என்றும் சொன்னேன். பெரிய மேளம் அடிக்கும் எல்பியோ, "டேய் வாத்தியாரே, மூச்சு விட்டுக்கலாமா, இல்ல அதுக்கும் அனுமதி வாங்கணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்பியோ அடுமனையில் மாவு பிசைபவர். பெரிய மேளத்துக்கு வலது கையில் குச்சி, இடது கை வெறுங்கை. நான் அந்த மேளத்துக்கு இரண்டாண்டாக மாற்று ஆள். ஒருமுறைகூட முறை வந்ததில்லை. ஒத்திகையில் எல்பியோ என்னிடம், "நீ எண்ணிக்கிட்டே அடிக்கிறடா, மீட்டர் பாக்க வந்தவன் மாதிரி" என்பார்.

மதியம் பெய்த மழையில், எரிக்க வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் நனைந்துவிட்டதால் நெருப்பு பிடிக்காமல் புகைந்துகொண்டே இருந்தது. நில்டா வந்து, "என்னப்பா, கேஸ்காரன் வெச்ச நெருப்பு இப்படித்தான் எரியுமா? இதுல ரொட்டிகூட வாட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு நான் என் கருவிப் பையிலிருந்து, குழாய் துடைக்க வைத்திருக்கும் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து நெருப்பில் ஊற்றினேன். அதன் ஆவி எப்படிப் பற்றும் என்பது உரிமத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி. சரியாக எழுதியிருந்தேன்.

ஊற்றிய தாரை வழியே தீ மேலேறிப் பாட்டிலுக்கு வந்தது. நான் பாட்டிலை உதறினேன். உதறிய திசையில் எல்பியோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் மேளத்தின் விளிம்பில் இடது கையை வைத்து அதை நெருப்புப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். தீப்பிடித்த அந்தக் கையைப் பீர் விற்பவரின் ஐஸ் தொட்டியில் முக்கினார்கள். எனக்கு எதுவும் ஆகவில்லை.

புகையில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. காவலர் வந்து கேட்டபோது எல்பியோ என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், "நான்தான் ஊத்தினேன். அவசரம்" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். ஆம்புலன்சில் ஏற்றும்போது என் காதில், "உன் லைசென்ஸ் போயிடும்டா, வாய மூடிக்கோ. மேளம் நல்லா சூடேறியிருக்கு, ஆற விட்டுடாத" என்றார்.

அதன்பிறகு நில்டா, "மௌரோ, நீ எடு" என்றார். விளிம்பில், அவர் கை இருந்த இடத்தில், ஏதோ ஒட்டியிருந்தது. சாம்பல் அல்ல. அதைச் சட்டையால் துடைத்துவிட்டு மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தெரு முடியும்வரை அடித்தேன். அந்தத் தோல் அவ்வளவு நன்றாகக் குரல் எழுப்பி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்று நான் எண்ணவும் இல்லை. சனங்கள் கைதட்டினார்கள். நில்டா என் கன்னத்தைத் தட்டி, "இன்னைக்குத்தான்டா நீ அடிச்ச" என்றார். நன்றி சொன்னேன்.

நேற்று, எல்பியோவுக்கு மூன்றாண்டுத் தடை என்று அணிக்குத் தகவல் வந்தபின் மருத்துவமனைக்குப் போனேன். உள்ளங்கையில் வேறு தோல் வைத்துத் தைக்க வேண்டுமாம், மடங்குமா என்பது பிறகுதான் தெரியுமாம். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது: "எப்படிடா இருந்துச்சு? குரல் எழும்புச்சா?"

"எழும்புச்சுண்ணே."

"அப்புறம் என்னடா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? மூணு வருசம் நீயே அடி."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் இங்கு வந்தேன்.

முதலில் சொன்னது பொய், இது மெய். யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்தேன். "பாட்டில் கை தவறியது" என்று எழுதியிருந்ததை "நான் பாட்டிலை உதறினேன்" என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மௌரோ பிந்தோஸ்

கையெழுத்துக்குக் கீழே சேர்க்கச் சொன்னது, இனி நான் செய்யப்போவது:

1. இங்கிருந்து நேராகப் போய் உரிம அட்டையை ஒப்படைப்பேன்.
2. நில்டாவிடம் நடந்ததைச் சொல்லி, மேளத்தைத் திருப்பிக் கொடுப்பேன். கன்னத்தில் தட்டியதற்குப் பதில் அவர் அறைந்தால் வாங்கிக்கொள்வேன்.
3. அடுமனைக்காரர் சம்மதித்தால் எல்பியோவுக்குப் பதில் விடியற்காலையில் மாவு பிசைவேன். கூலி அவர் வீட்டுக்கு.
4. அவர் கை மடங்கி, அவர் மறுபடி தெருவில் அடித்து வரும் நாளில் நான் நடைபாதையில் நின்று கேட்பேன். எண்ண மாட்டேன்.