எழுத்து தெரியாத திரை

ஜெசிந்தா அக்கா கொண்டுவரும் வஞ்சிரக் குழம்பை எங்கள் முட்டுக்காடு ஆபீஸில் என்னளவுக்கு ரசித்துச் சாப்பிட்டவர் யாரும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்மேல் எனக்குப் பகை கிடையாது.

வருத்தம் உண்டு. டீம் லீடர் பதவிக்கு நாங்கள் இருவரும் காத்திருந்த சமயம், நான் எழுதிய புரோகிராமைப் பெரிய திரையில் போட்டு, "இன்னா ஜெபா, கோலம் போட்டு வெச்சுக்கினு கீற?" என்று கேட்டார். பதினோரு பேர் சிரித்தார்கள். எண்ணினேன்.

நாம் தட்டும் எழுத்தைக் கம்ப்யூட்டர் திரையில் திருப்பிக் காட்டுவதற்கு எக்கோ என்று பெயர். பாஸ்வேர்டு அடிக்கும்போது அது அணைந்திருக்கும். அதனால்தான் அப்போது எழுத்து தெரிவதில்லை. என் இருக்கையிலிருந்தே அக்காவின் கம்ப்யூட்டருக்குள் போய், ஒரே ஒரு கட்டளையில் அதை அணைத்தேன். அவர் யாரையாவது கூப்பிட்டால் உடனே மறுபடி போட்டுவிடுவேன்.

"அடிக்கிற எழுத்தே காணாம பூடுது ஜெபா. கீபோர்டு பேஜார் பண்ணுதா?"

"கீபோர்டு நல்லாத்தான் கீது அக்கா," என்றேன். இதில் பொய் இருந்தால் காட்டுங்கள்.

இப்படியே மூன்று மாதம் நடந்தது. செங்கல்பட்டில் கண் டாக்டரிடம் நானே பைக்கில் கூட்டிப்போனேன். கண்ணில் குறையில்லை என்றார் அவர். அப்படியென்றால் கோளாறு மண்டையில்தான் என்று அக்காவே முடிவு கட்டிக்கொண்டார். முதலில் ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டார், பிறகு வேலையை. இப்போது பெற்ற மகளைப் பார்த்து, "நெஜமாவே நீ நிக்கிறியா?" என்று கேட்கிறாராம். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது.

என் கட்டளையைக் கம்ப்யூட்டர் பதிவுகளில் தோண்டி எடுத்தவன் ஜெரோம், அக்காவிடம் வேலை பழகியவன். ஆபீஸ் விசாரணைக் குழுவுக்கு இந்த வாக்குமூலத்தை எழுத, அக்காவின் பழைய கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்காரவைத்தவனும் அவன்தான். "நீயே தட்டு அண்ணாத்த," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

ஆம், நான்தான் செய்தேன். ஆனால் விசாரணைக் குழு இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்: பத்து நிமிடமாக நான் தட்டும் ஓர் எழுத்தும் திரையில் தெரியவில்லை. யாரோ எக்கோவை அணைத்திருக்கிறார்கள். ஒரு மனிதனை இப்படியா வதைப்பது? இவ்வளவு ஈவிரக்கமில்லாத ஆளோடு நான் எப்படி ஒரே ஆபீஸில் வேலை செய்வது?