மைக்கோனோஸில் ஒரு ஆட்டம்

அமெரிக்காவின் பிளசன்டன் ஊரில், ஒரு மளிகைக் கடையில் பில் போட நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குத் தலைமுடி இப்போதுதான் வளரத் தொடங்கியிருந்தது.

"விக்கைக் கழட்டிட்டு பீச்ல டான்ஸ் ஆடினேன் சுதா," என்றார் அவர்.

"எங்கடி?"

"மைக்கோனோஸ்ல. கிரீஸ்ல ஒரு குட்டித் தீவு, எங்க பார்த்தாலும் பாட்டும் கூத்தும். கீமோ முடிஞ்சதும் பொண்ணு என்னையும் அவரையும் கூட்டிட்டுப் போனா. வெயில்ல விக் அரிச்சுது, கழட்டிப் பைல போட்டுட்டேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல."

"உன் வீட்டுக்காரர்?"

"பொண்ணு கல்யாணத்துலகூட ஆடாத மனுஷன், எழுந்து வந்து ஆடினார்."

சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த ஸ்கேன் எப்போ?"

"வெள்ளிக்கிழமை. ரிசல்ட் எப்படி வந்தாலும் சம்மர்ல மறுபடி போறோம், டிக்கெட் புக் பண்ணியாச்சு. நீயும் வா."

"எனக்கு டான்ஸ் வராதே."

"எனக்கு மட்டும் வருமா?"