நாலாவது கோர்

சலாஹுதீன்: கேக்குதா... தஹ்மீனா, நான் பேசுறது கேக்குதா?

தஹ்மீனா: கேக்குது மச்சான். கெணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி கேக்குது.

சலாஹுதீன்: உன் குரலும் வெட்டி வெட்டித்தான் வருது. நம்ம கம்ப்யூட்டர் ஏன் இப்படி இரையுது? ஷார்ஜா வரைக்கும் கேக்குது.

தஹ்மீனா: ஃபேன் சுத்துது. நாகூர் வெயில்ல அதுக்கும் காத்து வேணாமா... அத வுடுங்க. தர்காவுல பாய்மரம் ஏத்தியாச்சு. கந்தூரிக்கு வர்றீங்களா, இல்லையா? மாமி காலையிலேருந்து இதையேதான் கேக்குறாங்க.

சலாஹுதீன்: உம்மா கேக்குதா, நீ கேக்குறியா?

தஹ்மீனா: ரெண்டு பேரும்.

சலாஹுதீன்: லீவு கெடைக்கிற மாதிரி தெரியல புள்ள.

தஹ்மீனா: கேட்டுப் பாத்தீங்களா?

சலாஹுதீன்: கேக்கணும்... ஆபீஸ்ல வேலை தலைக்கு மேல கெடக்கு.

தஹ்மீனா: இப்பவும் ஆபீஸ்லதான் இருக்கீங்க?

சலாஹுதீன்: பின்ன?

தஹ்மீனா: இல்ல... குக்கர் விசில் அடிச்ச மாதிரி இருந்துச்சு.

சலாஹுதீன்: பக்கத்துல கேன்டீன்.

தஹ்மீனா: சரி. கேமராவையாவது போடுங்களேன், மொகத்தப் பாத்து...

சலாஹுதீன்: அது ரிப்பேரு. பேச்ச மாத்தாத. அந்த இரைச்சல் நல்லதுக்கில்ல, உள்ள என்னமோ கெடந்து திங்குது. நான் ஒரு புரோகிராம் எழுதி வச்சிட்டு வந்தேனே, பச்சக் கட்டமா வர்றது, அதத் தொற.

தஹ்மீனா: என் சக்களத்திய சொல்றீங்களா? தொறக்குறேன், இருங்க... நிக்காஹ் ஆன மறுநாள் புதுப்பொண்ண ஒக்கார வச்சு, "இந்தப் பொட்டிக்குள்ள கோர்னு நாலு பேரு வேலை பாக்குறாங்க. எந்த வேலை எந்தக் கோர்ல எவ்வளவு நேரத்த எடுத்துக்குதுன்னு அளக்குறதுதான் என் பொழப்பு"ன்னு பேசுன மாப்பிள்ளை இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்.

சலாஹுதீன்: நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?

தஹ்மீனா: எந்திரிச்சு ஓடுனா மாமி என்ன நெனப்பாங்கன்னு இருந்தேன்.

சலாஹுதீன்: சிரிக்காத. தொறந்துச்சா? மேலேருந்து படி.

தஹ்மீனா: ஐடில்னு ஒருத்தர் இருக்காரு. இவருதான் திங்குறாரு போல. நிறுத்திரவா?

சலாஹுதீன்: யா அல்லாஹ்... அது வேலையே இல்ல தஹ்மீனா. கோர் சும்மா கெடக்குற நேரத்தையும் எங்கயாவது எழுதணுமில்ல? அத ஐடில் பேர்ல எழுதிக்கும்.

தஹ்மீனா: ஓ... சும்மா இருக்குறதையும் ஒரு வேலை மாதிரி கணக்குல காட்டும்.

சலாஹுதீன்: அப்படித்தான்.

தஹ்மீனா: நல்ல கணக்கு.

சலாஹுதீன்: கீழ வா. நாலு கட்டம் இருக்கும் பாரு, கோருக்கு ஒன்னு. எது எப்படி இருக்கு?

தஹ்மீனா: மூணு கட்டம் மேல போய் முட்டிக்கிட்டு நிக்குது. நாலாவது மட்டும் அலை மாதிரி ஏறி ஏறி எறங்குது.

சலாஹுதீன்: நாலாவதுல என்ன ஓடுது?

தஹ்மீனா: நீங்கதான். கம்ப்யூட்டர்ல வர்ற இந்த ஃபோன்.

சலாஹுதீன்: நான் பேசுறப்ப ஏறுதா?

தஹ்மீனா: எங்க, பேசுங்க.

சலாஹுதீன்: தஹ்மீனா... தஹ்மீனா... தஹ்மீனா...

தஹ்மீனா: ஏறுது. இப்ப வாய மூடுங்க... எறங்கிருச்சு. எனக்கு இத இத்தன நாளா யாரும் சொல்லலையே. வாய மூடச் சொன்னா மூடுவீங்கன்னு.

சலாஹுதீன்: வெளயாடாத. மத்த மூணுலயும் ஓடுறது என்ன பேரு?

தஹ்மீனா: எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு மச்சான்.

சலாஹுதீன்: ஊசியில நூல் கோக்குற கண்ணு உனக்கு. படி.

தஹ்மீனா: ...கரண்டு போற மாதிரி இருக்கு. அப்புறம் பேசுவமா?

சலாஹுதீன்: தஹ்மீனா, எங்கிட்டயேவா? இது வைரஸும் இல்ல. வைரஸா இருந்தா நாலையும் சேத்து தின்னுருக்கும். இது மூணோட நிக்குது, நாலாவது பக்கமே வரல. இத மட்டும் தொடாதன்னு யாரோ ஒதுக்கி வச்சிருக்காங்க. உன் தம்பி இப்ராஹிம் கைய வச்சானா?

தஹ்மீனா: அவனுக்கு அத ஆஃப் பண்ணத் தெரிஞ்சாலே பெருசு.

சலாஹுதீன்: அப்ப ரீஸ்டார்ட் பண்ணு, தன்னால தெரிஞ்சிரும்.

தஹ்மீனா: வேணாம்.

சலாஹுதீன்: நீ பண்ண வேணாம், ரீஸ்டார்ட் மட்டும் இங்கேருந்தே பண்ற மாதிரி வச்சிருக்கேன், நானே பண்றேன்.

தஹ்மீனா: மச்சான், கைய எடுங்க... எடுங்கன்றேன்ல. நூர்ஜஹான் மாமி கல்யாணம் பாதியில நின்னு போயிரும்.

சலாஹுதீன்: எது? தெருக்கோடி நூர்ஜஹான் மாமியா? அவங்களுக்குப் பேத்தியே வயசுக்கு வந்துட்டா.

தஹ்மீனா: அவங்க நிக்காஹ் வீடியோ கேசட்டு. உப்புக் காத்துல பூஞ்ச புடிச்சுக் கெடந்துச்சு. தொடச்சு, டெக்குல போட்டு, அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டிருக்கேன். இப்பதான் மாப்பிள்ளை கார்லேருந்து எறங்கி நடந்து வர்றாரு. அந்த மாமா வெளிநாட்டுச் சபுரு போன எடத்துலயே மவுத்தாகி, அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்கள்ல... அவரு நடந்து வர்றது இந்த நாடாவுல மட்டுந்தான் இருக்கு. இன்னொரு ஓட்டத்துக்கு அது தாங்காது.

சலாஹுதீன்: ...சரி, நான் தொடல. ஓடட்டும்.

தஹ்மீனா: அல்ஹம்துலில்லாஹ்.

சலாஹுதீன்: மாமிக்காகப் பண்றியா?

தஹ்மீனா: மாமியில ஆரம்பிச்சு, இப்ப தெருவே கொண்டாந்து குடுக்குது. நாகப்பட்டினத்துலேருந்துகூட ரெண்டு பை வந்திருக்கு. எல்லாரும் காசு குடுத்துத்தான் வாங்கிட்டுப் போறாங்க.

சலாஹுதீன்: நான் அனுப்புறது பத்தலன்னு ஊருக்கே சொல்லிட்ட.

தஹ்மீனா: அப்படி யாரு சொன்னா?

சலாஹுதீன்: உம்மாவுக்குத் தெரியுமா?

தஹ்மீனா: பூஞ்ச தொடைக்கிறதே அவங்கதான். பழைய மல்லுத் துணியா எடுத்து வச்சிருக்காங்க.

சலாஹுதீன்: ஆக, எனக்கு மட்டுந்தான் தெரியாது. அந்த மூணு கோர மட்டும் எடுத்துக்கன்னு வேலைய ஒதுக்குறது... அது யாரு சொல்லிக் குடுத்தா?

தஹ்மீனா: போன லீவுல நீங்கதான். நான் தூங்கிட்டது தெரியாம வெளக்கிக்கிட்டே இருந்தீங்க.

சலாஹுதீன்: தூங்குன ஆளுக்கு எப்படிக் கேட்டுச்சு?

தஹ்மீனா: பாதித் தூக்கம்.

சலாஹுதீன்: சிரிப்பு வருதுதான். ஆனா கோவமும் வருது. நாலையும் குடுத்திருந்தா வேலை இன்னும் லேசா ஓடுமே, இப்படி முட்டிக்கிட்டு நிக்கவும் வேணாம். ஒன்ன எதுக்கு வெறுமன வுட்டு வச்ச?

தஹ்மீனா: நீங்க எப்ப கூப்பிடுவீங்கன்னு தெரியலையே.

சலாஹுதீன்: ஏன் தெரியாது? எப்பவும் ராத்திரி இஷாவுக்கு அப்புறந்தானே...

தஹ்மீனா: இங்க இப்ப என்ன நேரம், சொல்லுங்க. பட்டப்பகல்.

சலாஹுதீன்: ...

தஹ்மீனா: லைன்ல இருக்கீங்களா மச்சான்? நாலாவது அப்படியே எறங்கி நிக்குது.

சலாஹுதீன்: இருக்கேன்... இதெல்லாம் நீ எப்ப ஆரம்பிச்ச?

தஹ்மீனா: நீங்க மதியம் லுஹருக்கு முன்னால ஒரு தடவ, சாயங்காலம் அசருக்கு அப்புறம் ஒரு தடவன்னு, ஆபீஸ் நேரத்துல கூப்பிட ஆரம்பிச்சப்ப. பொழப்புக்கு அளக்குறது நீங்க மட்டுமா? சும்மா இருக்குறதையும் ஒரு வேலை மாதிரி கணக்குல காட்டிக்கிட்டு, அடுத்தவங்க ரூம்ல கஞ்சி குடிச்சுக்கிட்டு ஏன் மச்சான் கெடக்குறீங்க? வெறுங்கையோட வந்தா என்ன, இங்க மூணு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. கந்தூரிக்குக் கெளம்பி வாங்க. லீவு கேக்க அங்க யாருமில்லன்னு உங்க உம்மாவுக்கும் தெரியும்.